ஒரு கை கல் உப்பு

பால் பொங்கப் போகிற நேரத்தில் மிதுனா ஒரு தரம் இருமினாள்.

மற்ற இரண்டு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்த்குமார் கைப்பேசியில் படம் பிடிக்கக் குனிந்திருந்தான். அவனுடைய அக்கா ஜானகி, பால் கிழக்குப் பக்கம் வழிகிறதா என்று பார்ப்பதற்காக அடுப்புக்கு எதிரே வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவி காயத்ரி மட்டும் மகள் மிதுனாவின் கழுத்தைப் பார்த்தாள். மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குழியில் தோல் உள்ளே போகிறதா என்று பார்ப்பது அவளுக்கு மூன்று வருஷப் பழக்கம். போகவில்லை. சும்மா இருமல்தான், ஊதுபத்திப் புகை பட்டிருக்கலாம். இருந்தாலும் அடுத்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள் பால் பொங்கி வழிந்து, ஜானகி கைதட்டி, வசந்த்குமார் படம் பிடித்து, எல்லாம் முடிந்துவிட்டது. பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று காயத்ரி பார்க்கவே இல்லை.

குன்னூரை அடுத்த வெலிங்டன் பஜாருக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த அந்த வாடகை வீட்டில் அப்போது ஒரு கேஸ் அடுப்பையும் இரண்டு பாயையும் தவிர வேறொன்றும் கிடையாது. அவர்களுடைய கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் பெங்களூரில் மாரத்தஹள்ளியில் இருந்தன. லாரி வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். சாமான் வருவதற்கு முன்னால் வெறும் வீட்டில் பால் காய்ச்சியதற்குக் காரணம் ஆடி மாதம். அது நாளை மறுநாள் பிறக்கிறது. ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். வசந்த்குமாரோ ஆகஸ்டு முதல் தேதி குன்னூரில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர வேண்டும். பெங்களூர் வீட்டுக்கு அடுத்த குடித்தனக்காரர்கள் வந்து ஜன்னலுக்குத் திரைத்துணி அளவு எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது. இந்தச் சிக்கலைக் காரமடையில் உட்கார்ந்தபடி போனிலேயே அவிழ்த்தவள் ஜானகிதான்.

"ஆனி முடியறதுக்குள்ள பாலக் காச்சிப்போட்டு, ஒரு ராத்திரி வெளக்கு வெச்சுப் படுத்து எந்திரிச்சு வந்துருங்க. குடி வந்த கணக்குத்தான் அது. அப்பறம் சாமான் ஆடில வந்தா என்ன, ஆவணில வந்தா என்ன, யாரு கேக்கப் போறா?"

வசந்த்குமாருக்கு அது பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது. தாயில்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அக்கா. அவள் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அவனுக்கு அதற்கு மேல் அப்பீல் இல்லை. காயத்ரிக்கு மட்டும் ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. குடி வந்த கணக்கு என்றால், பிறகு வீடு பிடிக்கவில்லை என்றாலும் குடி வந்த கணக்குத்தானே? ஆவணி பிறக்கும்வரை வேறு வீடும் பார்க்க முடியாதே? ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே குடியேறி முடித்துவிடுகிற சாமர்த்தியம் நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு வரும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாகப் பேசுகிறாள் என்று பெயர் வரும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் மிதுனாவின் மூச்சுக்காகத்தான். மாரத்தஹள்ளி வீட்டுக்கு எதிரே மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்ட நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வீசிங். வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். நெபுலைசர் மெஷின் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இடம் மாற்றிப் பார்த்தால் சில குழந்தைகளுக்குச் சரியாகும், சிலருக்கு இன்னும் கூடவும் செய்யும் என்று டாக்டர் ஒருநாள் சொன்னார். முதல் பாதியை வசந்த்குமார் பிடித்துக்கொண்டான். இரண்டாம் பாதி காயத்ரியோடு தங்கிவிட்டது. கோடை விடுமுறைக்குக் குன்னூர் வந்திருந்தபோது, அந்த வாரம் முழுக்க மிதுனா இன்ஹேலர் பம்ப் அடிக்காமலே புல்வெளி புல்வெளியாக ஓடினாள். ஓடி வந்து, மூச்சு வாங்கி, அந்த மூச்சு சீராகத் திரும்பியதைப் பார்த்தபோது பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து காயத்ரி அழுதே விட்டாள். அன்றைக்கு ராஜினாமா செய்வதென்று முடிவு செய்தவன் வசந்த்குமார்தான். ஆனால் அந்த முடிவில் அவளுடைய அழுகைக்கும் பங்கு இருந்தது.

இந்த வீட்டை அவர்கள் பார்த்ததும் அந்த மே மாதத்தில்தான். முன்பக்கம் ரோஜாச் செடிகள், ஜன்னலைத் திறந்தால் வெயில், சுவரெல்லாம் புது பெயின்ட். வீட்டுக்காரர் ஆண்ட்ரூ, வெலிங்டன் ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மேலே இருந்த வீட்டில் குடியிருந்தார். குழந்தை இருக்கிற குடும்பம் என்றதும் வாடகையில் பேரம்கூடப் பேசவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இறங்கும்போது காயத்ரிக்குச் சொர்க்கத்தில் இடம் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

பால் காய்ச்சிய பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு ஜானகி தன் பையைப் பிரித்தாள். சாமி படம், காமாட்சி விளக்கு, மஞ்சள், ஒரு படி அரிசி. குடிதண்ணீரைக்கூடத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள், பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மலையடிவாரத்துப் பர்லியார் செக்போஸ்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்று. கடைசியாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு வெளியே வந்தது. அதில் கல் உப்பு.

"உப்புத்தான் நானே வாங்கி வெச்சிருக்கறனேக்கா," என்று வசந்த்குமார் பஜாரில் வாங்கிய பொட்டலத்தைக் காட்டினான்.

ஜானகி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "பொடி உப்புல எங்கடா லட்சுமி இருக்கறா? அதுல கம்பெனிக்காரந்தான் இருக்கறான். இத ரசத்துக்குப் போட்டுக்கோங்க."

மிதுனா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பின் முடிவில் இன்னொரு இருமல் வந்தது.

கடைசி அறையின் சுவரில் ஒரு சிமென்ட் அலமாரி இருந்தது. அதுதான் வடகிழக்கு மூலை. அங்கே சாமி படத்தை வைத்து, விளக்கேற்றி, பித்தளைத் தட்டில் கல் உப்பைக் கோபுரமாகக் குவித்தாள் ஜானகி. கொண்டுவந்ததில் ஒரு கல்லைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்த அறை மிதுனாவுக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சாமி இருக்கிற அறையில் பிள்ளை படுத்தால் காவலாகப் போயிற்று என்றாள். விளக்கு விடியும்வரை எரிய வேண்டும், நடுவில் எண்ணெய் விட வேண்டும், உப்பும் அரிசியும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, மழை பிடிப்பதற்குள் மலை இறங்க வேண்டுமென்று மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையத்துப் பக்கத்து மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. பொடிப்பொடியாக, அவசரமே இல்லாமல், விருந்துக்கு வந்தவர் போல உட்கார்ந்துகொண்டது. பள்ளத்திலிருந்து ஏறிவந்த மேகம் ரோஜாச் செடிகளை மூடி, பிறகு வாசல்படியை மூடி, ஜன்னல் கண்ணாடியில் வந்து நின்றது.

வசந்த்குமார் அதையெல்லாம் கவனிக்கவில்லை. திட்டம் போடுவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். தரையில் ஒரு கிராப் தாளை விரித்து அதன் மேல் காகிதச் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்தான். அந்தத் தாளில் வீட்டின் ஒவ்வொரு அறையையும் அளவு பிசகாமல் வரைந்திருந்தான். கட்டில், பீரோ, சோபா, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்திருந்தான். மிதுனாவின் கட்டிலுக்கு அவளே ஊதா வண்ணம் அடித்திருந்தாள். லாரியை மைசூர் வழியாக விட்டால் பந்திப்பூர் கேட்டை ராத்திரியில் மூடிவிடுவார்கள், மேட்டுப்பாளையம் வழியாக விட்டால் பர்லியாரில் பபிள் ஷீட்டைப் பார்த்துப் பிளாஸ்டிக் என்று நிறுத்திவிடுவார்களோ என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டே, இன்னொரு பக்கம் பிரிட்ஜை நகர்த்தினான்.

"பழைய போர்வைலயே சுத்தச் சொல்லிறலாம், என்ன? பீரோவை மட்டும்... ஏங் காயத்ரி, கேக்கறயா?"

"கேக்கறனுங்க."

அவள் அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் விறைப்பாக நகர்ந்த அட்டைகள் இப்போது நகர மறுத்தன. பீரோவின் ஒரு முனை சுருண்டு மேலே எழும்பியது. கிராப் தாள் நமுத்துப்போய், வெந்த அப்பளம் மாதிரி தரையில் ஒட்டிக்கொண்டது. அடுப்புப் பற்ற வைக்கப் போனபோது தீக்குச்சி ஒன்று, இரண்டு, மூன்று என்று மருந்து உதிர்ந்து விழுந்தது. மழைக்காலம், எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மிதுனா ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, மங்கலான இடத்தில் விரலால் கட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, ஏன் ஊதினா இப்படி ஆகுது?"

"நம்ம மூச்சுக் காத்துல தண்ணி இருக்குது சாமி. குளிரான கண்ணாடி மேல பட்டா ஒட்டிக்கும்."

"எல்லா மூச்சுலயுமா?"

"எல்லா மூச்சுலயும்."

தன்னுடைய அறையில்தான் படுப்பேன் என்று அவள் அடம் பிடித்தாள். விளக்குப் புகை ஆகாது என்று சொல்லி காயத்ரி ஹாலிலேயே பாயை விரித்தாள். பெங்களூரில் தன் தோழிகளிடம் சொல்லியாகிவிட்டதாம், தனி ரூம், ஜன்னலுக்கு வெளியே மலை என்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். விளக்குக்கு எண்ணெய் விடுகிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாக வசந்த்குமார் சொன்னான். அந்த ராத்திரியில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பிள்ளை இருமினாள், பம்ப் அடித்தார்கள், மறுபடி இருமினாள், மறுபடி அடித்தார்கள். பெங்களூரிலும் அப்படித்தான் இருந்தது. அதுதான் காயத்ரியைப் பயமுறுத்தியது.

காலையில் வெலிங்டன் மைதானத்திலிருந்து பரேடு விசில் கேட்டு அவள் கண் விழித்தபோது வசந்த்குமார் பாயில் இல்லை. எழுந்து நேராகக் கடைசி அறைக்குப் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டில் உப்பு வெள்ளை வெளேரென்று கோபுரம் குலையாமல் நின்றது. அவளையறியாமல் கை கூப்பினாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. உப்பு கரையவில்லை என்றால் அறை காய்ந்துதான் இருக்கிறது. அறை காய்ந்திருந்தால் பிள்ளை இங்கே படுக்கலாம். நாமாகவே பயந்து பயந்து ஆளைக் கொல்கிறோம் என்று நினைத்து லேசாகச் சிரிப்புக்கூட வந்தது.

கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனவளின் விரல் தட்டின் விளிம்பில் பட்டது. விரல் நுனியில் உப்பு ஒட்டியது. மாவு போல நைசாக இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கல்கூட இல்லை. அத்தனையும் பொடி.

சமையலறைக்குப் போனாள். பஜாரில் வாங்கிய உப்புப் பொட்டலம் நேற்று ரசத்துக்கு ஒரு சிட்டிகை எடுத்ததோடு கட்டி வைத்தது. இப்போது பாதிக்கு மேல் காலியாக இருந்தது. தொட்டியில் வசந்த்குமாரின் துண்டு பிழிந்து போடப்பட்டிருந்தது. அதை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. துண்டைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் முதலில் வந்தது அவன் மேல் இரக்கம்தான். இருட்டில் எழுந்து, எண்ணெய் விடப் போய், தட்டில் உப்பு இருந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்து, திருடன் மாதிரி சத்தமில்லாமல் துடைத்து, பொட்டலத்தைப் பிரித்து, அக்கா வைத்த மாதிரியே கோபுரம் பிடித்திருக்கிறான். எவ்வளவு பயந்திருந்தால் இதைச் செய்திருப்பான்?

வசந்த்குமார் முன்வாசல் படியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எதையும் பார்க்காமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, அண்ணி வெச்ச கல்லுப்பு எங்கீங்க?"

அவன் திரும்பவில்லை. குடையின் கைப்பிடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"கரஞ்சிருச்சு," என்றான். "ஒரு கல்லு கூட இல்ல காயத்ரி. தட்டு நெறஞ்சு வழிஞ்சு, செவுத்துல ஓடி, கீழ அரிசிப் படி வரைக்கும் வந்திருச்சு."

"என்னைய எழுப்பியிருக்கலாமுங்கல்ல?"

"எழுப்பி?" அவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. "அக்காளுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லும்னு உனக்குத் தெரியாதா? லட்சுமி கரஞ்சு ஓடிப்போயிட்டான்னு சொல்லும். சாமானே ஏத்த உடாது. வேலைய உட்டாச்சு, ஊட்ட உட்டாச்சு, அம்மிணிக்கு டிசி வாங்கியாச்சு. எங்க போறது நாம?"

அவன் பேசியதில் ஒன்று அவளுக்கு உறுத்தியது. அக்காளுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் அவன் பயந்தான். காயத்ரிக்குச் சகுனத்தைப் பற்றிக் கவலையே இல்லை. லட்சுமி போனால் போகட்டும், உப்பைக் கரைத்த அந்த ஈரம் ராத்திரி முழுக்க எங்கே போயிற்று என்பதுதான் அவளுக்குக் கேள்வி. அது அந்த அறையில் கட்டில் போட்டுப் படுக்கிற பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும்.

இன்னொன்றும் தோன்றியது, தோன்றியதற்காக வெட்கமும் பட்டாள். ஒரு போன் போதும். சுவர் ஓதம் என்று அவள் சொன்னால் வசந்த்குமார் ஆயிரம் சமாதானம் சொல்வான். உப்பு கரைந்துவிட்டது என்று அண்ணி காதில் போட்டால் ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றுவிடும். ஆனால் நின்றுவிட்டால் பிறகு மாரத்தஹள்ளிதான், தோண்டிப் போட்ட ரோடுதான், டிவிக்குப் பக்கத்தில் மெஷின்தான். அங்கே தூசி, இங்கே ஈரம். தன் மகள் மூச்சு விடுவதற்கு உலகத்தில் ஒரு வீடும் இல்லையோ என்ற பயம் அவளை அப்போதுதான் முழுசாகப் பிடித்தது.

மேலே இருந்து ஆண்ட்ரூ ரொட்டிப் பொட்டலத்தோடு படியிறங்கி வந்தார். மழைக்கோட்டுக்குள் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர்.

"தூங்குனீங்களாம்மா? பாப்பா இருமிட்டே இருந்த மாதிரி கேட்டுச்சே."

"கொஞ்சம் உள்ள வந்து பாக்கறீங்களா சார்?" என்றாள் காயத்ரி.

கடைசி அறைச் சுவரில் அவள் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அலமாரிக்குக் கீழே பெயின்ட் ஓரிடத்தில் லேசாக உப்பியிருந்தது, அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பால் மேல் படிந்த ஆடை போல அது முழுசாகக் கழன்று கையோடு வந்தது. உள்ளே கறுப்பு. கைக்குட்டை அகலத்துக்குப் பூஞ்சைக் கறுப்பு. மே மாதத்துப் புது பெயின்ட் அதன் மேல்தான் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆண்ட்ரூ கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்தார். "வருஷா வருஷம் அடிக்கறதுதாங்க. குடித்தனம் மாறுனா வெள்ளையடிக்கணும் இல்லீங்களா, ஏமாத்தறதுக்கு இல்ல," என்றார். பிறகு, "இந்தச் சுவத்துக்கு அந்தண்ட ரூமு கிடையாதுங்க. மலைதான் இருக்குது. மலைய வெட்டி, ஒட்டியே கட்டினது. மழை நாள்ல நாங்களும் இங்க படுத்தது இல்ல, சாமான் போட்டு வெப்போம்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றான் வசந்த்குமார்.

"நீங்க சாமான்தான் வெப்பீங்கன்னு நெனச்சேன் தம்பி. பாப்பாவுக்கு நெஞ்சுக் கோளாறுன்னு நீங்களும் சொல்லலையே." அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. அது உண்மையாகவும் இருந்தது. நோயாளிப் பிள்ளை என்றால் வீடு தர யோசிப்பார்களோ என்று அதை மறைத்தவர்கள் அவர்கள்தான். "முன் ரூமு தேவலாம். வெளிச்சம் வரும். ஒரு கணப்புச் சட்டில கரி போட்டு வெச்சுட்டா ஓதமே தெரியாதுங்க."

"அவளுக்குப் புகை ஆகாதுங்க," என்றாள் காயத்ரி.

ஆண்ட்ரூ ரொட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அட்வான்ஸ் வேண்டுமானால் திருப்பித் தந்துவிடுகிறேன், ஆவணியில் வேறு வீடு பார்த்துச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தபடி படியேறினார். அவரைத் திட்டவும் முடியாமல் இரண்டு பேரும் நின்றார்கள்.

போன் அடித்தது. ஜானகி.

வசந்த்குமார் அதைக் கையில் வைத்துக்கொண்டு காயத்ரியைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று அவன் கேட்கவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். அவள் போனை வாங்கினாள்.

"கண்ணு, வெளக்கு நல்லா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்க அண்ணி."

"பாப்பா தூங்குனாளா? உப்பு அரிசியெல்லாம் அப்படியே இருக்குதல்லோ?"

ஒரு வார்த்தை போதும், இருக்குதுங்க என்று சொல்லிவிட்டால் இன்றைய பொழுது தப்பித்தது. காயத்ரி சுவரில் கழன்ற இடத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க அண்ணி. உப்பு கரஞ்சிருச்சு. பொறகு இவரு பொடி உப்பு வெச்சாரு."

வசந்த்குமார் கண்ணை மூடிக்கொண்டான். போனில் காரமடை வீட்டில் குக்கர் விசில் அடிப்பது மட்டும் கேட்டது.

"அத்தனையுமா?"

"அத்தனையும். செவுரு ஓதமுங்க. மலைய ஒட்டிக் கட்டுனது. பாப்பாளுக்கு ராத்திரி ரெண்டு தடவ பம்ப் அடிச்சோம்."

ஜானகி அழுகிறாளோ, கோபித்துக்கொண்டாளோ தெரியவில்லை. கடைசியில் வந்த குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஈசான்யம்னு நாந்தானே அங்க வெக்கச் சொன்னேன்," என்றாள். "இரு, பஞ்சாங்கத்த எடுத்துப் பாத்துப்போட்டுக் கூப்படறேன்," என்று வைத்துவிட்டாள்.

என்ன பார்ப்பாள், என்ன சொல்வாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. லாரியை வேண்டாம் என்பாளா? மலையே வேண்டாம் என்பாளா? வசந்த்குமார் சுவரில் சாய்ந்து உட்காரப் போனவன், சட்டை ஈரமாகும் என்று நினைவு வந்து, விலகி உட்கார்ந்தான். காயத்ரிக்கு அதைப் பார்க்க அழுகை வந்தது. அவன் தலைமுடியில் ஒரு தரம் கை வைத்துவிட்டு எழுந்தாள்.

தட்டிலிருந்த பொடி உப்பின் அடிவிளிம்பு அதற்குள்ளேயே கண்ணாடி மாதிரி பளபளக்க ஆரம்பித்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, பொட்டலத்தில் மிச்சம் இருந்ததை ஒரு எவர்சில்வர் மூடியில் கொட்டி, ராத்திரி படுத்த முன்னறை ஹாலுக்குக் கொண்டுபோய் ஜன்னலுக்கு உள்பக்கம் தரையில் வைத்தாள்.

"சாயங்கால பஸ்ஸுக்குப் போகலீங்க," என்றாள். "இன்னிக்கும் இருப்போம். நாளைக்குக் காலைல வரைக்கும் இது நின்னுதுன்னா இந்த ரூமுல அவளுக்குக் கட்டில் போடலாம். சாமான் வரட்டும்."

"நிக்கலீன்னா?"

அவள் கிராப் தாளைத் தரையிலிருந்து உரித்து எடுத்தாள். சோபாவும் பிரிட்ஜும் அதில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. ஊதாக் கட்டிலைக் காணவில்லை. தேடியபோதுதான் கதவோரத்தில் மிதுனா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, எவ்வளவு நேரமாக நின்றாளோ? அந்த அட்டை அவள் கையில் இருந்தது.

"எனக்குத் தனி ரூம் வேண்டாம்மா. நான் இங்கயே படுத்துக்கறேன்," என்றாள். "பெங்களூர் போக வேண்டாம்."

"சரி சாமி. பாக்கலாம். முதல்ல வெந்நி குடிக்கலாம் வா."

"இது கரையாம இருந்தாப் போதுமில்ல?"

"போதும்."

காயத்ரி சமையலறையில் தண்ணீரைச் சுட வைத்தாள். தீக்குச்சி நாலாவதுதான் பற்றியது. தண்ணீர் கொதிக்கும்வரை காதை முன்னறைப் பக்கமே வைத்திருந்தாள். இருமல் வரவில்லை. ஒரு நிமிஷம், இன்னும் கொஞ்ச நேரம், ஒரு சத்தமும் வரவில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்த அமைதி என்னவோ செய்தது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மிதுனா உப்பு மூடிக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊதாக் கட்டிலைப் பக்கத்தில் தரையில் வைத்திருந்தாள். ஒரு கையால் வாயையும் மூக்கையும் சேர்த்து இறுகப் பொத்தியிருந்தாள். கண் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. முகம் சிவந்திருந்தது.

"என்னடி பண்றே?"

மிதுனா கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி, கையை எடுத்து, சுவர்ப்பக்கமாக வேகமாக ஒரு மூச்சு விட்டாள். "மூச்சுல தண்ணி இருக்குதில்லம்மா," என்றாள் திணறிக்கொண்டே. "இது மேல பட்டா கரஞ்சிரும்."

சொல்லிவிட்டு ஒரு வாய்க் காற்றை அவசரமாக இழுத்துக்கொண்டு, மறுபடி உப்பைப் பார்த்துத் திரும்பிப் பொத்திக்கொண்டாள்.

"மூச்சு விடு கண்ணு," என்று காயத்ரி மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தாள். "விடுடா சாமி."

மாட்டேன் என்று அந்தப் பிள்ளை தலையை ஆட்டினாள். அவளுடைய தொண்டைக்குழி உள்ளே போய், அப்படியே நின்றது.